பயிற்சி ஆசிரியர்கள் தெருவுக்கும் வர வேண்டும்

ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்கு பி.எட். மாணவ மாணவியர் கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறார்கள். ஆலங்குளம் பஸ்ஸில் சுருட்டிய சார்ட்டுகள் கசங்கிவிடாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்து இறங்குவார்கள். அவர்களில் சமூக அறிவியல் எடுத்தவர்களுக்கு நான்தான் வழிகாட்டி ஆசிரியை. பாடத்தை எப்படி நடத்துவது என்பதை அவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார், எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அறிவதற்கான படிப்பும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அது தேர்வுத்தாளோடு நின்றுவிடுகிறது. என் மனக்குறை அதுதான்.

2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரங்கள் பள்ளியில் கழிய வேண்டும். இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரங்கள். ஓராண்டுப் படிப்பாக இருந்த காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம், நல்ல மாற்றம். பள்ளிக்கு வருமுன் நுண்ணிலைக் கற்பித்தலை முடித்துவிடுவார்கள். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. வினா கேட்பது, வலுவூட்டுவது என்று ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, சக மாணவர்களையே வகுப்பாக வைத்துச் சில நிமிடங்கள் பாடம் நடத்த வேண்டும். குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். கரும்பலகைக்கு முன் நிற்கும் கூச்சம் இதில்தான் போகிறது. இதை வீண்சடங்கு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உளவியலும் சமூகவியலும்தான் என் கவலை. குழந்தை எப்படிக் கற்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜே, வைகாட்ஸ்கி இருவருமே 1896இல் பிறந்தவர்கள் என்பது வரை பயிற்சி மாணவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாட்டுக்கு என்பதால் பயிற்சி மையங்களிலும் இதே மனப்பாடம்தான். குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும், ஒருவர் கைகொடுத்தால் செய்ய முடிவதற்கும் நடுவே உள்ள இடத்தில்தான் கற்பித்தல் நடக்க வேண்டும் என்றார் வைகாட்ஸ்கி. எவ்வளவு அருமையான கருத்து! 'அண்மை வளர்ச்சி மண்டலம்: குறிப்பு வரைக' என்று அது ஐந்து மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு பயிற்சி ஆசிரியை, ஒரே பிள்ளையைக் கூர்ந்து கவனித்து எழுதும் தனியாள் ஆய்வுக்கு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். குறிப்பேட்டில் "கவனம் குறைவு, வீட்டுப்பாடம் செய்வதில்லை, பகலில் உறக்கம்" என்று எழுதியிருந்தாள். கையெழுத்து கேட்டு வந்தவளை, "பள்ளி விட்டதும் என்னோடு வாம்மா" என்று அழைத்துக்கொண்டு போனேன்.

பீடி சுற்றும் வீடு. எங்கள் பக்கத்தில் ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் இந்தக் காட்சி உண்டு. வாசல் திண்ணையில் பாட்டி ஈர இலையைக் கத்தரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் மடியில் சுளகு, அதில் தூளும் இலையும். அம்மா சுற்றிப் போடப் போட, சிறுமி பீடியின் வாயை மடக்கிக்கொண்டிருந்தாள். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஒரு பீடியில் இலை விரிந்து மகள் திணறினாள். அம்மா அதை வாங்கி முழுவதும் செய்து முடிக்கவில்லை. முதல் மடிப்பை மட்டும் மடித்து, மகள் விரலிலேயே திரும்ப வைத்துவிட்டார். மீதியை அவளே முடித்தாள்.

திரும்பும்போது பயிற்சி ஆசிரியை, "டீச்சர், வைகாட்ஸ்கிக்கு நான் எழுதிய எடுத்துக்காட்டு எல்லாம் கைடில் இருந்தது. இதை எழுதியிருக்கலாமே" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆனால் அந்தப் பிள்ளை இரவில் சுளகின் முன் உட்காருவதை ஏற்கவே முடியாது. புகையிலை நெடி சீருடையில் ஏறி வகுப்பு வரை வருகிறது. அம்மாவிடம் அதையும் பேசினோம். "பீடிக் கணக்கு குறைந்தால் கடையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும், டீச்சர்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தைக் கடைசிப் பாடவேளையிலேயே முடிக்க வைத்தாள் பயிற்சி ஆசிரியை. குறிப்பேட்டில் "கவனம் குறைவு" என்ற வரியை அடித்துவிட்டு, பார்த்ததை எழுதினாள்.

இதைவிடக் கடினமான ஒன்றும் நெல்லைச் சீமையில் இருக்கிறது: சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படிக்கும் பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டிவரத் தடை வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பயிற்சி ஆசிரியர் எங்கள் வகுப்பில் "நீங்களே குழுவாகப் பிரிந்துகொள்ளுங்கள்" என்றார். பிள்ளைகள் தெரு வாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். என்ன நடந்தது என்றே அவருக்குப் புரியவில்லை. குழுக் கற்றலின் நன்மைகள் அவர் பாடக்குறிப்பில் அழகாக இருந்தன. குழுவை ஆசிரியரே கலந்து அமைக்க வேண்டிய ஊர் இது என்பதைச் சொல்லத்தான் அதில் இடம் இல்லை.

வரலாற்றில் பட்டம் பெற்றபின் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலை படித்தேன். களப்பணிக்காக ஓர் ஊரின் தெருக்களையும் கோயில்களையும் குளத்தையும் தாளில் வரைந்து, யார் எந்த வழியாகத் தண்ணீர் எடுக்கப் போகிறார்கள் என்று குறித்தது இன்றும் எனக்கு வகுப்பறையில் உதவுகிறது. பி.எட்.டில் யாரும் என்னிடம் அப்படி ஒரு படம் கேட்கவில்லை. சமூகவியலும் உளவியலும் இளங்கலையில் படித்தவர்கள் முதுகலையும் முடித்தால்தான் பி.எட். சேர முடிகிறது, பத்தாம் வகுப்பு வரை பள்ளியில் அவை தனிப் பாடமாக இல்லை. பாடமாக இல்லாவிட்டால் என்ன? அவை ஆசிரியருக்கு வேண்டிய அறிவு.

பாளையங்கோட்டையில் படிக்கிறவர்களுக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. கோயில் கொடைத் திருவிழா நாளில் பாதி வகுப்பு ஏன் காலியாகிறது, வில்லுப்பாட்டில் எந்தக் கதையை விடிய விடியக் கேட்டுவிட்டு வருகிறார்கள் என்பதைக் கேட்டறிய அங்கே ஆள் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் அதே ஊரில்தான் உள்ளன. மாற்றுத்திறன் பிள்ளைகளையும் எல்லோரோடும் சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வி பற்றிய தாளைப் படிக்கிறவர்கள் அங்கே ஒரு வகுப்பில் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு வந்தால், எவ்வளவோ விளங்கும்.

இந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு வருகிறவர்களிடம் முதல் வாரத்தில் பாடக்குறிப்பு கேட்கப்போவதில்லை, தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். பிள்ளைகள் வருகிற தெருக்களின் படம் ஒன்று, ஒரு பிள்ளையின் மாலைப் பொழுது பற்றி ஒரு பக்கம், இரண்டும் வேண்டும். வீடுகளுக்கு நானே கூட்டிப்போகிறேன். மாலை ஐந்து மணிக்குமேல் போனால் அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள், சனிக்கிழமையும் போகலாம். கல்லூரிப் பேராசிரியர்கள் இந்தப் பக்கங்களைப் பதிவேட்டில் சேர்த்து மதிப்பெண் தர வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள்.