நெட் தேர்வு, பொருளியல்: திறந்த பாடவளங்களை மட்டுமே கொண்டு படித்த அனுபவம்

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் முடிவு வந்து, பொருளியலில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்திருக்கிறது. வேலூர் வட்டாரத்தில் தமிழ் வழியில் பட்டம் பெற்று, பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமின்றித் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக, படித்தது மறக்கும் முன்பே இதை எழுதுகிறேன். தேர்வின் அமைப்பு நீங்கள் அறிந்ததே என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

என்னைத் தேர்ச்சி பெறச் செய்தது ஒரு பழக்கம்தான்: பாடத்திட்டத்தின் ஒவ்வோர் அலகுக்கும் ஒரே ஒரு வளத்தைத் தேர்ந்துகொண்டு, அதை முடிக்கும் வரை மற்றொன்றைத் திறக்காமல் இருந்தேன். இலவசமாகக் கிடைக்கும் பாடங்களுக்கு இன்று பஞ்சமில்லை. எதை முதலில் படிப்பது என்று சொல்ல ஆளில்லாததே கிராமப்புற மாணவரின் உண்மையான இடர். நான் தேர்ந்துகொண்டவற்றுள் முக்கியமானவை இவை:

- நுண்ணியல், பேரியல் பொருளியல்: இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பாடக் களஞ்சியமான இ-ஞானகோஷில் உள்ள எம்.ஏ. அலகுகள்.
- புள்ளியியல், பொருளாதார அளவையியல்: மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம், ஐஐடிகளின் பாடத் தொகுப்பான என்பிடெல் ஆகியவற்றின் காணொளிகள்.
- கணிதப் பொருளியல்: இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓபன்ஸ்டாக்ஸின் கால்குலஸ் (நுண்கணிதம்) முதல் தொகுதி.
- இந்தியப் பொருளாதாரம்: பொருளாதார ஆய்வறிக்கை, ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை.
- முதல் தாள் (எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவான கற்பித்தல், ஆய்வுத் திறன் தாள்): முதுகலைப் பாடங்களுக்கான அரசுத் தளமாகிய இ-பிஜி பாடசாலை.

இவற்றுள் இ-ஞானகோஷுக்கே முதலிடம் தருவேன். தொலைநிலையில் தனியாகப் படிப்பவருக்கென்றே எழுதப்பட்டதால், பகுதிதோறும் தன்மதிப்பீட்டு வினாக்களும் இறுதியில் விடைக் குறிப்புகளும் இருக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரும் ரயிலில் சிக்னல் இல்லாமலே படிக்கலாம். காணொளிகளை, எழுத்தில் படித்துப் புரியாத இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தாளில் உயர்கல்வியின் மின்னணு முன்னெடுப்புகளும் பாடப்பொருள் என்பதால், யுனெஸ்கோ 2002-இல் திறந்த கல்வி வளம் என்ற கருத்தை முன்வைத்தது, 2019-இல் அதற்கான பரிந்துரையை ஏற்றது, ஸ்வயம் 2017-இல் தொடங்கியது ஆகியவற்றைக் கட்டாயம் படியுங்கள். இலவச வளத்துக்கும் திறந்த வளத்துக்கும் உள்ள வேறுபாட்டை இன்னும் கவனமாகப் படியுங்கள், ஏனெனில் அது தேர்வோடு முடிகிற செய்தி அன்று. இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் எல்லாவற்றையும் நாம் மொழிபெயர்த்துப் பரப்பிவிட முடியாது; அதற்கான அனுமதியையும் உரிமத்திலேயே சேர்த்துத் தருவதுதான் திறந்த வளம். ஓபன்ஸ்டாக்ஸ் கால்குலஸ் நூலின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமோ, மூலத்தைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமின்றி, அதே உரிமத்தில் வெளியிடும் வரை, அதைத் திருத்தவும் தமிழாக்கவும் எவருக்கும் இடம் தருகிறது. வகைக்கெழு இயலை நான் தமிழில் குறிப்பெடுத்துப் பிறருக்குத் தயக்கமின்றிக் கொடுக்க முடிந்தது இதனால்தான். பொருளியலுக்கான நெட் வினாத்தாள் தமிழில் வருவதில்லை. ஆகவே விளக்கத்தைத் தமிழிலும் கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே நம் பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியது நிறைய உண்டு. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படித்து, பட்டத்துக்குக் கணக்கிடப்படும் மதிப்பலகு (கிரெடிட்) பெறலாம் என யுஜிசி 2021-இல் விதி வகுத்தது. அது நல்லதே, ஆயினும் வகுப்பறையில் நடத்தப்படும் பாடத்துக்குள்ளேயே திறந்த நூல் வந்து சேர்வதுதான் முதல் தலைமுறை மாணவருக்குக் கூடுதல் பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். பாடத்திட்டங்களின் கடைசியில் இணைய வளங்கள் என்ற தலைப்பில் சில தளங்களின் முகப்பு முகவரிகள் தரப்படுவதுண்டு. அது போதாது, இந்த அலகுக்கு இந்த நூலின் இந்த அத்தியாயம் என்று குறித்துத் தரவேண்டும். சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை, தமக்கெனப் பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகள் நீங்கலாக, பல மாவட்டக் கல்லூரிகள் பின்பற்றுகின்றன. ஓர் அலகைச் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒருமுறை தமிழாக்கி உரிமத்தோடு வெளியிட்டால், அத்தனை கல்லூரிகளுக்கும் அது பொதுச் சொத்தாகிவிடும். அந்த உழைப்பை ஆசிரியரின் பதவி உயர்வு மதிப்பீட்டிலும் கணக்கில் கொள்ளவேண்டும். கைப்பேசியில் படிக்க இயலாதவருக்கு அச்சுப் படி ஒன்று நூலகத்தில் இருக்கவேண்டும்.

அதுவரை உங்கள் அளவில் செய்யக்கூடியவை: இன்றே பத்து அலகுகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு வளத்தைக் குறியுங்கள். உரிமத்தைப் பாருங்கள். மொழிபெயர்க்க அனுமதியுள்ள அலகுகளை நண்பர்களுக்குள் பிரித்துக்கொண்டு தமிழ்க் குறிப்பாக்கி, மூலத்தின் பெயரோடு அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படையுங்கள்.