பத்தாயப் பலகையில் ஒரு மின்கிதார்

போன பங்குனியில் அத்தை வீட்டுப் பத்தாயத்தைப் பிரித்தார்கள். கொட்டி வைக்க நெல் இல்லாமல் பல வருடமாக அறையை அடைத்துக்கொண்டு நின்ற பெட்டி அது. எங்கள் செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அதனால் இங்குள்ள பழைய வீடுகளில் மலையாளத்துப் பாணி மரவேலை இன்னும் மிச்சமிருக்கிறது. பலகைகள் மரக்கடைக்குப் போகவிருந்த நேரத்தில், இரண்டு அங்குலக் கனமுள்ள இரண்டை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "இதை வைத்து என்ன செய்யப் போகிறாய் மருமகனே?" என்று அத்தை கேட்டார்கள். கிதார் என்றேன். பலகையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "எலி கடித்த பக்கத்தை வெட்டிவிடு" என்றார்கள்.

இரண்டும் பலா. வீணை, மிருதங்கம், தவில் எல்லாம் பலாவில்தான் கடைகிறார்கள். புளியரைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் செண்டையும் பலாதான். கிதாருக்கு அமெரிக்காவில் ஆஷ், ஆல்டர், மேப்பிள் என்று போகிறார்கள் என்றால், அவை அவர்கள் காட்டில் கிடைக்கும் மரங்கள். லியோ ஃபெண்டர் 1950-ல் சந்தைக்குக் கொண்டுவந்த கிதாரின் உடல் வெறும் தட்டைப் பலகை. கழுத்தை அதன் மேல் நான்கு திருகாணியால் முடுக்கியிருந்தார். பிறகு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற அந்த வடிவத்தைத்தான் நானும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் செய்யக்கூடிய வடிவம் அது.

திண்மையான உடல் கொண்ட மின்கிதாரில் மரம் முழங்க வேண்டியதில்லை. தந்தியின் அசைவைப் பிக்கப் என்னும் காந்தச்சுருள் பிடித்துக்கொள்ளும். மரத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: அது அசையாமல் நிற்க வேண்டும். பச்சை மரம் காய அங்குலத்துக்கு ஒரு வருடம் என்று கணக்குச் சொல்வார்கள். அத்தையின் மாமியார் காலத்துப் பத்தாயம் அந்தக் கணக்கை எப்போதோ தாண்டிவிட்டது.

பழைய மரத்தில் பயம் ஆணி. உள்ளே முறிந்து கிடக்கும் துருப்பிடித்த ஆணி ஒன்று போதும், இழைப்பு இயந்திரத்தின் கத்தி போய்விடும். பிக்கப்புக்காக வாங்கி வைத்திருந்த காந்தத் துண்டை நூலில் கட்டி, பலகைக்கு ஒரு விரல்கனம் மேலே மெதுவாக நகர்த்தினேன். ஆணி இருக்கும் இடத்தில் நூல் சாய்ந்து காந்தம் மரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒன்பது ஆணிகளை அப்படிக் கண்டுபிடித்துத் தோண்டி எடுத்தேன்.

தெருக்கோடியில் ஆசாரி அண்ணாச்சியின் பட்டறை. அங்கே இழைத்தபோது மேல்தோல் போலிருந்த கரும்பழுப்பு உரிந்து, உள்ளே பலாச்சுளை மஞ்சள் தெரிந்தது. இரண்டையும் ஒட்டி, 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்து, வடிவம் வெட்டி முடித்தபோது எடை இரண்டரைக் கிலோ. சித்திரை அதோடு போயிற்று. உடலைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. அது கடைசிவரை எந்தத் தொந்தரவும் தரவில்லை.

கழுத்துதான் என் நாட்களை எடுத்துக்கொண்டது.

கழுத்துக்குப் பழைய தேக்கு. அதன் மேல் ஒட்டும் விரல்பலகைக்கு, உடைந்த கட்டில் சட்டத்திலிருந்து எடுத்த ஈட்டி மரம். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு பிடிக்காது. உள்ளே தவாளிப்பு வெட்டி, இரு பக்கமும் திருப்பி முடுக்கக்கூடிய எஃகுக் கம்பியைப் படுக்க வைத்தேன். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 46 கிலோ இழுக்கும். அந்த இழுப்புக்குக் கழுத்து வளையாமல் எதிர்த்து நிற்பது அந்தக் கம்பியின் வேலை.

அடுத்தது ஃபிரெட், விரல்பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி. வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். எனக்கும் அதுவே வாயில் வருகிறது. வீணையில் மெட்டுகளை மெழுகின் மேல் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவார்கள். மெழுகு இளகினால் மெட்டுகளை மறுபடியும் நிறுத்தி மேளம் கட்டலாம். கிதாரில் மரத்தை அறுத்துப் பதித்தால் பதித்ததுதான், முழுக்கக் கணக்கு. தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.37, அங்கே முதல் மெட்டு. மீதி நீளத்தை அதே எண்ணால் மீண்டும் வகுத்தால் இரண்டாவது. இப்படிப் போய்ப் பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324-ல் வந்து நிற்கிறது. அந்த எண் தாளில் விழுந்தபோது உண்டான மகிழ்ச்சி பெரிது. குறிக்கும்போது மட்டும் ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்கு அளக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தந்தி தொடங்கும் தலைமாட்டிலிருந்தே அளக்க வேண்டும். இல்லையென்றால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

வைகாசிக் கடைசியில் 22 மெட்டுகளையும் சுத்தியால் தட்டி இறக்கினேன். ஒவ்வொன்றும் இறுகிப் போய் உட்கார்ந்தது. அந்த இறுக்கத்தை நல்ல வேலை என்று நினைத்தேன். மறுநாள் நீளமான இரும்பு அளவுகோலை மேலே வைத்தால், நடு மேடிட்டு, அளவுகோல் இரு பக்கமும் ஏறி இறங்கியது.

அந்த வாரம்தான் சாரல் தொடங்கியிருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும் மேற்குக் காற்றில் எங்கள் ஊரில் உப்பே கசியும். ஈரம்தான் காரணம் என்று எண்ணி, கழுத்தை அடுப்படிப் பரணில் வைத்துப் பத்து நாள் காத்திருந்தேன். மேடு இறங்கவில்லை. அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் அளவுகோல் கேட்கவில்லை. கழுத்தைக் கண்ணருகே தூக்கி, ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நுனிவரை பார்த்தார். "இருபத்திரண்டு ஆப்பு அடித்திருக்கிறீர்கள் தம்பி" என்றார்.

அவ்வளவுதான் காரணம். நான் அறுத்த பள்ளம் அரை மில்லிமீட்டர் அகலம்; மெட்டின் அடிக்காலோ அதன் பக்கவாட்டு முட்களோடு சேர்த்து அதைவிடத் தடிமன். ஒவ்வொரு மெட்டும் மரத்தை மயிரிழை அளவு பிளந்து தள்ள, இருபத்திரண்டும் சேர்ந்து கழுத்தையே பின்னால் வளைத்துவிட்டன. உள்கம்பியை எதிர்ப்பக்கம் முடுக்கிச் சரிசெய்திருக்கலாம். ஆனால் அதன் வலுவை முதல் நாளே செலவழித்துவிட்டால் பின்னால் தேவைப்படும்போது மிச்சமிருக்காது. எல்லாவற்றையும் பிடுங்க முடிவு செய்தேன்.

பற்றவைக்கும் சூட்டுக்கோலை மெட்டின் தலையில் வைத்து, ஈட்டியிலிருந்து லேசான இனிப்பு வாசம் எழும்வரை பொறுத்தேன். பிறகு வாயைத் தட்டையாகத் தேய்த்த குறடால் ஒரு ஓரத்திலிருந்து நெம்பி நெம்பி எடுத்தேன். மெட்டோடு சேர்ந்து பெயர்ந்த கடுகளவுச் சில்லுகளை வெள்ளைத் தட்டில் வரிசையாக வைத்து, அந்தந்த இடத்தில் உடனடிப் பசையால் ஒட்டினேன். ஒரு மெட்டுக்குக் கால் மணி நேரம். எடுக்க எடுக்கக் கழுத்து நிமிர்வதை அளவுகோலில் பார்த்தேன். பதினான்காவது வெளியே வந்தபோது மேடு பாதியாகியிருந்தது. பள்ளங்களை 0.58 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, ஆனியில் மறுபடியும் பதித்தேன். இந்த முறை இரண்டே தட்டு. கழுத்து நேராக நின்றது.

சாரல் நாட்களில் வேறு மரவேலை செய்ய முடியாததால் பிக்கப் சுற்றினேன். 42-ஆம் எண் தாமிரக் கம்பி, 0.063 மில்லிமீட்டர், தலைமயிர் கனம்தான். தையல் இயந்திர மோட்டாரில் சுருளை மாட்டினேன். சுற்றுகளை எண்ண ஒரு பழைய கால்குலேட்டர்: அதன் சமன் பொத்தானுக்கு ஒரு காந்த ஸ்விட்ச்சை இணைத்துவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். முதல் முறை 5,200-ல் கம்பி அறுந்தது. இரண்டாம் முறை மூச்சைக்கூட அளந்து விட்டேன். 7,800 சுற்று, மின்தடை ஆறு கிலோ ஓம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கம்பி என் கட்டைவிரல் நீளச் சுருளுக்குள் அடங்கியிருக்கிறது. தேன்மெழுகும் பாரஃபினும் கலந்த உருக்கில் அதை மூழ்கவைத்தேன். மெழுகு இறங்காவிட்டால் உள்ளே கம்பிகள் அதிர்ந்து, ஒலியைக் கூட்டும்போது கீச்சிடும்.

பாலிஷ் விஷயத்தில் அவசரப்பட்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் தேய்த்த அன்று தூறல். ஸ்பிரிட் ஆவியாகும்போது குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ள, உடல் முழுக்க வெள்ளைப் புகை படிந்தது. ஆடியில் காய்ந்த காற்று வீசிய ஒரு மத்தியானம், வெறும் ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை இழுத்தேன். புகை கரைந்து தேன்நிறம் வந்தது.

ஆவணி முதல் ஞாயிறு தந்தி கட்டினேன். ஏழாவது மெட்டில் கழுத்தின் குழிவு கால் மில்லிமீட்டர், பன்னிரண்டாவதில் தந்தி உயரம் 1.8. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல், தடித்த ஆறாம் தந்தி உட்காரும் சேணத்தை, முதல் தந்தியுடையதைவிட நான்கு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளியபோதுதான் சுருதி சேர்ந்தது. விரல் வைக்காமல் ஆறு தந்திகளையும் ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி தானாக அடங்கும்வரை உடலை மார்போடு அணைத்துக்கொண்டேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார்கள். "நெல் வாசனை வருகிறதா பார்" என்றார்கள். பிக்கப் குழிக்குள் மூக்கை வைத்துப் பார்த்தேன். வந்தது.

இன்னும் வேலை இருக்கிறது. தந்தியிலிருந்து கையை எடுத்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் லேசாகக் கேட்கிறது. குழிகளுக்குள் தாமிரத் தகடு ஒட்ட வேண்டும். ஐந்தாவது மெட்டு ஒரு ஓரத்தில் சற்று உயரம், இரண்டாம் தந்தி அங்கே உரசுகிறது. அடுத்த பங்குனி வெயிலில் ஈட்டி சுருங்கி மெட்டு முனைகள் வெளியே நீட்டினால், அரத்தால் தேய்க்க வேண்டும். அதுவரை வாரம் ஒருமுறை கழுத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கிறேன்.