நீராவி ஒருவழியாக நீலத் தாளில் பிடிபட்டது

குளியலறைக் கொடியில் என் நீல அச்சுப் புகைப்படம் கிளிப் மாட்டித் தொங்குகிறது. ஒஹையோ ஆற்றில் ஓடும் பெல் ஆஃப் லூயிவில் நீராவிப் படகின் மேல்தளம், அதில் காலியோப் (நீராவியால் ஊதி வாசிக்கும் ஆர்கன்), அதன் பித்தளை ஊதல்களில் மூன்றிலிருந்து மட்டும் எழும் வெள்ளை ஆவி. இது பதினேழாவது அச்சு. முதல் பதினாறிலும் படகு இருந்தது, ஆறு இருந்தது, பாலம்கூட இருந்தது. ஆவிதான் இல்லை. ஜூலையில் ஒன்றை மகனிடம் காட்டினேன். "இது ஸ்டீம் போட்டுன்னு எப்படிப்பா தெரியும்?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

சயனோடைப்புக்குள் (இரும்பு உப்பு பூசிய தாளை நெகட்டிவுக்கு அடியில் வெயிலில் வைத்து, நீரில் கழுவி எடுக்கும் நீல அச்சு முறை) நான் இறங்கியதற்குக் காரணம் ஹென்றி போஸ். ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தவர். 1883-இல் தொடங்கிப் பத்து ஆண்டுக்குக் கிட்ட மிசிசிப்பியின் மேற்பகுதியைப் படமெடுத்து, நீள்வட்ட வடிவில் நீல அச்சுகளாகப் போட்டு வைத்தார். ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கல் அணைகள், ரயில் பாலங்கள், கரையோர ஊர்கள், இடையிடையே படகுகள். ஆபீஸ் வேலையாகச் செய்ததுதான், ஆனால் அந்த நீலத்தில் ஆறு தூங்குகிற மாதிரி இருக்கும். அதே வடிவில், அதே நீலத்தில், இன்னும் ஆவியில் ஓடும் ஒரு படகைப் போட வேண்டும் என்பது என் ஆசை. நான் சின்சினாட்டியில் இருக்கிறேன். லூயிவில் 100 மைல். பெல் 1914-இல் பிட்ஸ்பர்க்கில் 'ஐடில்வைல்ட்' என்ற பெயரோடு கட்டப்பட்டது, பிறகு 'அவலான்' ஆனது, 1962-இல் ஏலத்தில் 34,000 டாலருக்கு லூயிவில் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டி வாங்கியது. கரி போய் எண்ணெய் வந்துவிட்டாலும், பின்சக்கரத்தைச் சுற்றுவது இன்றும் நீராவிதான். இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒன்று கிடைத்தும் படத்தில் ஆவி வரவில்லை என்றால் எப்படி இருக்கும்!

தப்பு அச்சில்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கோடை முழுக்க அதிலேயே போனது. முதலில் தாள். பஃபர் (நீலத்தைக் கெடுக்கும் சுண்ணாம்பு) இல்லாத தாள் என்று சொல்லி ஒரு கடை அனுப்பிய கட்டு, சல்ஃபாமிக் அமிலத்தில் போட்டதும் சோடா மாதிரி நுரைத்தது. சுண்ணாம்பு இல்லாமலா நுரைக்கும்? எழுதிக் கேட்டேன், பிரித்த கட்டைத் திருப்பி எடுப்பதில்லை என்று பதில் வந்தது. இப்போது எல்லாத் தாளையும் அந்த அமிலத்தில் ஊறப்போட்டுத்தான் ரசாயனம் பூசுகிறேன். அடுத்தது தண்ணீர். எங்கள் குழாயில் வருவதும் ஒஹையோ ஆற்று நீர்தான், சுத்திகரித்து வருவது. காரத்தன்மை கொஞ்சம் கூடுதல், நீலத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். படகு மிதக்கும் ஆறே என் படகுப் படத்தை அழிக்கிறது என்று மனைவியிடம் புலம்பினேன். "அப்போ வினிகர் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஊற்றினேன். ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர், முதல் கழுவல் மட்டும். மெல்லிய நீலங்கள் நிஜமாகவே கூடின. கழுவி முடித்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கினால் நீலம் சட்டென்று ஏறும் அல்லவா, அந்த ஒரு நொடிக்காகவே அதையும் விடாமல் செய்கிறேன். ஒரு நாள் காயவிட்டால் தானாக வரும் நிறம்தான், தெரியும்.

இத்தனை செய்தும் ஆவி வரவில்லை. காரணம் 21 படிப் பட்டையிலேயே (வெளுப்பிலிருந்து அடர்த்தி வரை படிப்படியாக மாறும் சோதனைப் பட்டை) இருந்தது. நான்தான் பார்த்தும் பார்க்கவில்லை. வெளுப்புப் பக்கத்து முதல் மூன்று படிகள் என் தாளில் ஒன்றாகவே தெரியும், மூன்றும் வெறும் தாள். நான் எடுத்த படங்களில் வானமும் ஆவியும் அந்த மூன்று படிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வெள்ளைக்கு முன்னால் வெள்ளை. நெகட்டிவில் எவ்வளவு வளைவு (கணினியில் வெளிச்ச வித்தியாசத்தைத் திருத்தும் கோடு) போட்டு இழுத்தாலும் இல்லாத வித்தியாசம் எங்கிருந்து வரும்? போஸின் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு மட்டும் அதிகமாக மயங்குபவை, அதனால் அவர் படங்களிலும் வானம் பெரும்பாலும் வெற்று வெள்ளைதான். அவர் எடுத்தது கல்லையும் கரையையும், அதனால் அவருக்கு அது தொந்தரவே இல்லை. நான் ஆவியைத் தேடிப்போய், மே மாதத்திலிருந்து இந்தியானா பக்கக் கரையில், ஜெஃபர்சன்வில்லில், தண்ணீர் மட்டத்தில் நின்று அண்ணாந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கென்டக்கி டெர்பிக்கு முந்தைய புதன்கிழமை நடக்கும் நீராவிப் படகுப் பந்தயத்தையும் அங்கிருந்துதான் எடுத்தேன். 200 படம். எல்லாவற்றிலும் பின்னால் வானம்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு கல்யாண கோஷ்டி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ட்ரோன் வேறு. அரை மணி காத்திருந்தும் நகர்வதாக இல்லை. எரிச்சலில் இரண்டாம் தெருப் பாலத்தின் நடைபாதையில் ஏறி லூயிவில் பக்கம் நடந்தேன். 1929-இல் திறந்த பாலம், படகுத்துறை அதற்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. பாதியைத் தாண்டும்போது காலியோப் ஆரம்பித்தது. படகு புறப்படும் முன் ஊரையே கூப்பிடுவதுபோல் வாசிப்பார்களே, அது. எட்டிப் பார்த்தால் படகு எனக்குக் கீழே. சூரியன் எதிரே இறங்குகிறது. ஆவிக்குப் பின்னால் வானமே இல்லை. கரையோர நெடுஞ்சாலை மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் இருட்டும் நிழல் விழுந்த தண்ணீரும்தான். ஒவ்வொரு ஊதலின் ஆவியும் விளக்கு போட்ட மாதிரி தெரிந்தது.

அண்ணாந்து பார்ப்பதை விட்டுக் குனிந்து பார்க்க எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

பாலத்தில் ட்ரைபாட் வைக்கவே முடியாது; லாரி போனால் காலடியே அதிர்கிறது. கையில் பிடித்துத்தான் எடுத்தேன். 200 மிமீ லென்ஸ், ஷட்டர் 1/800, வெளிச்சத்தை ஒன்றேகால் ஸ்டாப் குறைத்து. முதலில் 1/60 வைத்துப் பார்த்தேன், ஆவி மெல்லிய துணி மாதிரி அழகாக இருந்தது, ஆனால் எந்த ஊதலிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. 1/800-இல் தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது: ஊதலின் வாயை ஒட்டி ஆவி கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே கொஞ்சம் இடைவெளி, அதற்கு மேல்தான் குளிர்ந்து வெள்ளையாகிறது. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது நாம் பார்ப்பது அதே வெள்ளைதான். ஜூலை வெயிலில் ஒரு முழம் எழுவதற்குள் காற்றில் கரைந்துவிடும். அக்டோபர் குளிரில் ஆள் உயரத்துக்கு நின்றது. (காலியோப் என்று நான் எழுதுவதைப் பார்த்து உச்சரிப்புத் திருத்த வராதீர்கள். அகராதி 'கலையோப்பி' என்று சொல்லும். படகுக்காரர்கள் சொல்வது காலியோப்.)

நெகட்டிவில் இந்த முறை வளைவை ஏறக்குறைய தொடவே இல்லை. ஆவியின் நடுப்பகுதி மட்டும் வெறும் தாளாக, ஓரங்கள் இரண்டு படி நீலமாக இருக்கும்படி மை அளவைக் குறைத்தேன், அவ்வளவுதான். யூவி விளக்குப் பெட்டியில் 11 நிமிடம். நவம்பர் வெயிலை நம்பி இந்த ஊரில் எதுவும் செய்ய முடியாது.

படத்தில் 32 ஊதல்களில் மூன்று மட்டும் ஊதுகின்றன. அப்படியென்றால் அந்த நொடியில் ஒலித்தது எந்தச் சுரங்கள் என்று கண்டுபிடிக்கலாம் இல்லையா? கீபோர்டு வாசிக்கும் நண்பனுக்கு அனுப்பினேன். "ஊதலை இடமிருந்து எண்ணணுமா, வலமிருந்தாடா?" என்று கேட்டிருக்கிறான். எனக்கும் தெரியாது. அடுத்த முறை படகில் ஏறி நேரில் பார்க்க வேண்டும். படத்துக்குள் இப்படித் துப்புத் தேடும் ஆசை எங்கள் ஊர்ப் பொது நூலகத்திலிருந்து தொற்றியது. 1848-இல் ஃபான்டெய்ன், போர்ட்டர் என்ற இருவர் ஆற்றுக்கு அக்கரை நியூபோர்ட்டில் நின்று, சின்சினாட்டிக் கரையை எட்டு டகேரோடைப் (வெள்ளிப் பூச்சுத் தகட்டில் படம் பதிக்கும் பழைய முறை) தகடுகளில் எடுத்தது அங்கே இருக்கிறது. கரை நெடுக நீராவிப் படகுகள். நுண்ணோக்கி வைத்துப் பார்த்தபோது தூரத்துக் கோபுரக் கடிகாரத்தில் மணி 1:55 என்று படிக்க முடிந்ததாம். அவர்களுக்கு மணி கிடைத்தது, எனக்கு ஒரு ஸ்வரக்கட்டாவது கிடைக்காதா?

பணம் சேர்ந்தால் நியூ ஆர்லியன்ஸ் போய் நாச்செஸ் படகை எடுக்க வேண்டும். படகு 1975-இல் வந்தது, ஆனால் அதன் எஞ்சின்கள் 1925-இல் கட்டிய கிளேர்டன் என்ற படகிலிருந்து கழற்றியவை. அங்கே குளிர் குறைவு, ஆவி எவ்வளவு நிற்கும் என்ற பயம் இருக்கிறது. ஜனவரியில் போகலாமா என்று பார்க்கிறேன். அதற்கு முன்னால், 15 பார்ஜுகளை (தட்டையான சரக்குப் படகுகள்) மூன்று மூன்றாகக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும் டோபோட் என்ற தள்ளுபடகுகளையும் இதே பாலத்திலிருந்து எடுக்கலாம். டெக்கில் வேலை செய்பவர்கள் மேலிருந்து பார்க்க எறும்பு மாதிரி தெரிவார்கள்.

இதெல்லாம் அப்புறம். கொடியில் தொங்குவது இன்னும் நீள்சதுரம்தான், போஸின் நீள்வட்டம் ஆகவில்லை. அச்சின் ஓரங்களை மறைக்கும் கறுப்பு அட்டையில் இரண்டு ஆணி அடித்து, நூல் கட்டி, பென்சிலால் சுற்றிக் கோடு போடுவதில் பிரச்சினை இல்லை. வெட்டும்போதுதான் கத்தி கடைசி வளைவில் இழுத்துக்கொள்கிறது. முதல் அட்டையின் ஒரு முனை கிளிமூக்கு மாங்காய் மாதிரி கூராகிவிட்டது. இரண்டாவதில் கத்தியைப் பிடித்துக்கொண்டு அட்டையைச் சுழற்றினேன். நன்றாகத்தான் போனது, தொடங்கிய இடத்தில் போய்ச் சேரும்போது ஒரு நூல் தள்ளிப் போயிற்று. அச்சில் அது பல் மாதிரி தெரியும். மூன்றாவது அட்டைக்குக் கோடு போட்டாயிற்று. கத்தி அலகு மழுங்கிவிட்டது, புதுசு வாங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.