22.4-ஆ, 22.7-ஆ?

நான்காம் படிவத்தின் பாதியில் எங்கள் கெமிஸ்ட்ரி ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். பதிலுக்கு வந்தவர் வேறு பாடத்துக்காரர். பாவம், வருகைப் பதிவை எடுத்துவிட்டுப் பாடநூலைப் படிக்கச் சொல்வார், அவ்வளவுதான். கணக்குக்கும் பிசிக்ஸுக்கும் ஏற்கனவே டியூஷன் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் கேட்க வாய் வரவில்லை. சரி, மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கான கெமிஸ்ட்ரியை நானே படித்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

கையில் இருந்தவை இரண்டு. ஒன்று பள்ளியில் கொடுத்த பாடநூல். இன்னொன்று, பெரியம்மா மகன் 2018-இல் தேர்வு எழுதியபோது வாங்கிய பயிற்சிப் புத்தகம். அண்ணன் கெட்டிக்காரர், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. பாடநூலைவிட அந்தக் குறிப்புகளைத்தான் நம்பினேன்.

முதலில் மாட்டிக்கொண்டது மோல். ஒரு மோல் என்றால் 6.02 × 10²³ துகள்கள் என்று மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் அது மண்டையில் இறங்கவில்லை. அம்மா பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் வேலை பார்க்கிறார். இரவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவரிடம், மோல் என்பது எடை இல்லை, எண்ணிக்கை என்று புலம்பினேன். “வெத்தல கவுளி மாதிரிதானே? அதுக்கு ஏன் இவ்ளோ பெரிய நம்பர்?” என்றார். நூறு வெற்றிலை ஒரு கவுளி. கொழுந்து வெற்றிலை ஒரு கவுளியும் முற்றல் வெற்றிலை ஒரு கவுளியும் எண்ணிக்கையில் ஒன்று, தராசில் வேறு. ஒரு மோல் கார்பன் 12 கிராம், ஒரு மோல் மக்னீசியம் 24 கிராம். அன்றைக்கு அந்த அத்தியாயம் திறந்துகொண்டது.

அப்புறம் வாயுக் கணக்கு வந்தது. 0 டிகிரியில், எஸ்.டி.பி. எனும் திட்ட வெப்ப அழுத்த நிலையில், 0.5 மோல் வாயுவின் கன அளவு என்ன? எனக்கு 11.2 டெசிமீட்டர் கியூப் வந்தது. பாடநூலின் விடை 11.35. அடுத்த கணக்கும் இப்படியே கொஞ்சம் தள்ளிப்போனது. மூன்று இரவு கால்குலேட்டரைத் திட்டினேன். கடைசியில்தான் கண்ணில் பட்டது: அண்ணன் புத்தகத்தில் மோலார் கன அளவு, அதாவது ஒரு மோல் வாயு பிடிக்கும் இடம், 22.4, என் பாடநூலில் 22.7. பழைய எண் 1 அட்மாஸ்பியர் அழுத்தத்துக்கு, புதியது 1 பாருக்கு. உலக வேதியியல் அமைப்பான ஐ.யூ.பி.ஏ.சி. இதை 1982-லேயே மாற்றிவிட்டது. எங்கள் வீட்டுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. வகுப்பில் ஆசிரியர் இருந்திருந்தால் அரை நிமிட விஷயம்.

அதற்குப் பிறகு என் விடையை நானே நம்புவதை நிறுத்தினேன். சனி ஞாயிறுகளில் கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு டிஜிட்டல் நூலகத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். குளிர்சாதனம் உண்டு, வைஃபை உண்டு. மற்ற மாநிலங்களின் ட்ரயல் (முன்னோட்டத் தேர்வு) தாள்களை இறக்கி எழுதி, ஸ்கீமா ஜவாப்பான் எனும் விடைக் குறிப்பை வைத்து, கருணையே இல்லாமல் திருத்துவேன். வெப்பநிலை கூடினால் வினை ஏன் வேகமாகிறது என்ற கேள்விக்கு, “துகள்கள் அதிகமாக மோதுகின்றன” என்று எழுதிவிட்டு முழு மதிப்பெண் எதிர்பார்த்தேன். ஸ்கீமாவோ, ஃப்ரெக்குவென்சி பெர்லங்காரான் பெர்கெசான், அதாவது பயனுள்ள மோதல்கள் எவ்வளவு அடிக்கடி நடக்கின்றன என்பது, அதே சொல்லில் வேண்டும் என்றது. புரிந்திருப்பது வேறு, மதிப்பெண் வாங்குவது வேறு. எனக்கு இன்னமும் இதில் கோபம் உண்டு.

உப்பில் என்ன உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் உப்புப் பகுப்பாய்வை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. ஈயமும் அலுமினியமும் பெரிய தலைவலி. சோடியம் ஹைட்ராக்சைடில் இரண்டும் வெள்ளை வீழ்படிவு, அதிகமாக ஊற்றினால் இரண்டும் கரையும்; அம்மோனியாவில் இரண்டும் கரையாது. பொட்டாசியம் அயோடைடு ஊற்றினால் ஈயம் மட்டும் மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்கும்.

அண்ணன் புத்தகத்தின் மூன்றாம் தாள் பயிற்சிகள் எதற்கும் உதவவில்லை. அவர் காலத்தில் அது எழுத்துத் தேர்வு, எங்களுக்கு ஆய்வகத்தில் கையால் செய்துகாட்டும் தேர்வு. காணொளி பார்த்து, திரவத்தை அளந்து விடும் பியூரெட் குழாயைப் பிடிக்கக் கற்க முடியுமா? பள்ளி ஆய்வக உதவியாளரான மலாய்க்கார மக்சிக்கிடம் (அத்தை மாதிரி அழைப்பது) கெஞ்சினேன். பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம் அவர் பக்கத்திலேயே நின்றார். 24.5 என்று எழுதியதைப் பார்த்துத் தலையில் தட்டி, 24.50 என்று எழுத வைத்தார். பியூரெட் அளவுக்கு இரண்டு தசம இடம் வேண்டுமாம்.

எங்களுடையது 2023 எஸ்.பி.எம்., ஆனால் எழுத்துத் தேர்வு நடந்ததோ 2024-இல். தைப்பூசம் முடிந்த அடுத்த வாரமே தொடங்கிவிட்டது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் சித்தப்பா போடும் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டே இரும்பு இரண்டு பச்சை, இரும்பு மூன்று பழுப்பு என்று வீழ்படிவு நிறங்களை முணுமுணுத்தேன். பக்கத்தில் நின்ற அக்கா ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்.

ஏ மைனஸ் வந்தது. எங்கே விட்டேன் என்று தெரியாது. கிரேடு மட்டும்தான் தருவார்கள். இந்த வருடம் மாடி வீட்டுத் தம்பி புத்தகம் கேட்டு வந்தான். என் பாடநூலைக் கொடுத்தேன். அண்ணன் புத்தகத்தையும் கேட்டான். அதைக் கொடுக்கவில்லை.