பண்டிகை நாளில் கொஞ்சம் பரிவு

தீபாவளி நெருங்கும்போது, முறுக்கும் அதிரசமும் லேகியமும் விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு முன்பே தயாராகிவிட வேண்டும் என்ற பதற்றம் பல வீடுகளில் பெண்களையே அழுத்துகிறது. வெல்லப் பாகு பதம் தவறினால், தேர்ந்த கை தட்டிய அதிரசமும் எண்ணெயில் பிரிந்துபோகும். அதற்காகத் தம்மையே நொந்துகொள்ளும் அம்மாக்களைக் கண்டால் எனக்கு மனம் வலிக்கிறது. கடையில் வாங்கிய இனிப்பைத் தட்டில் வைப்பதில் ஒரு குறையும் இல்லை.

அதைவிடவும் பரிவு வேண்டியது, அண்மையில் ஒருவரை இழந்த வீட்டுக்கு. ஓராண்டு பண்டிகை கொண்டாடாத வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அவ்வீட்டுக்கு உறவினரும் அண்டை வீட்டாரும் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது நம்மிடையே உள்ள அழகான பழக்கம். ஆனால், குழந்தைகளுக்காகவாவது கொண்டாடுங்கள் என்று வற்புறுத்துபவர்களும், அப்படி அவர்கள் ஒரு மத்தாப்பு கொளுத்தினால் அதைப் பழிப்பவர்களும் இருக்கிறார்கள். துக்கத்தின் அளவை வெளியில் நின்று எவரும் தீர்மானிக்க முடியாது.

அன்று பணியில் இருக்கும் செவிலியரோ பேருந்து ஓட்டுநரோ நம் வாழ்த்துக்குப் பதில் அனுப்பாவிட்டால், மறுநாள் நாமே அழைத்துச் சாப்பிட்டார்களா என்று கேட்கலாம்.