பச்சைத் திரையில சுட்ட ஏலியனுங்க

பாண்டி குருசுக்குப்பத்துல எங்க பெரியப்பா சொல்தா, அதாங்க பிரெஞ்சு மிலிட்டரி, லீவுக்கு வந்தப்ப ஒருதடவ ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464ன்னு ஒரு கம்ப்யூட்டர தூக்கிட்டு வந்தாரு, 1984ல வந்த மாடல், வெறும் 64 கேபி மெமரி, கேசட் டெக் கீபோர்டுக்குப் பக்கத்துலயே இருக்கும், கரண்ட் கூட அந்தப் பச்சை மானிட்டர்லேர்ந்துதான் போகும். அதுல, மேலேர்ந்து வரிசையா எறங்குற ஏலியனுங்கள சுடுற ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மாதிரியே ஒரு கேம். கேசட்டப் போட்டா கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே லோட் ஆகும், பாதில கரண்ட் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து. பெரியம்மா "டேய், மீன் கொழம்பு ஆறுதுடா"ன்னு கத்துவாங்க, யாரு போறது.

ஒரு விஷயம் ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. ஒரிஜினல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978ல டைட்டோ கம்பெனிக்காக நிஷிகாடோன்னு ஒரு ஜப்பான்காரர் பண்ணது, மொத்தம் 55 ஏலியன், சுடச் சுட மிச்சமிருக்கிறது வேகமா ஓடும்ல, அது முதல்ல பிளான் பண்ணதே இல்லயாம், ஆளு கொறையக் கொறைய மெஷினுக்குள்ள இருக்கிற 8080 சிப்புக்கு வரையுற வேலை சீக்கிரம் முடிஞ்சுடுது, அவ்ளோதான். அதையே கேமோட உயிரா விட்டுட்டாரு மனுஷன், செம இல்ல?

அந்தக் கடைசி ஒத்த ஏலியன நான் அடிச்சதே கெடையாது. பெரியப்பா மட்டும் காப்பி டம்ளரக் கீழ வச்சுட்டு ஒரே குண்டுல தட்டுவாரு.