ஒரு லிட்டர் கழிவுநீருக்கு ஓர் அனுமதிக் கடிதம்

வாய்மொழித் தேர்வு முடிந்து தற்காலிகச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. வேலூரின் கழிவுநீரில் டைபாய்டு கிருமி இருக்கிறதா என்று கண்டறியும் உணரி (சென்சார்) ஒன்றை உருவாக்குவதே என் முனைவர் பட்ட ஆய்வு. பாடத் தேர்வுகளும் ஆய்வுக்குழுக் கூட்டங்களும் ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பும் தடங்கலின்றி முடிந்தன. என்னை அலைக்கழித்தது, கழிவுநீரை முறைப்படி எடுப்பதற்கான அனுமதிதான். இத்துறைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பாதாளச் சாக்கடையும் கழிவுநீரை உந்தி அனுப்பும் உந்து நிலையங்களும் மாநகராட்சிப் பொறியியல் பிரிவின் பொறுப்பு என்பதால் விண்ணப்பத்தை அங்கே கொடுத்தேன். கடிதத்தில் நோயைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சுகாதாரப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். சுகாதாரப் பிரிவு எழுத்தரோ, சாக்கடை மூடியைத் திறக்க உத்தரவிடும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று கூறி, கடிதத்தை முழுவதுமாகப் படிக்காமலேயே திருப்பித் தந்தார். ஒருவழியாகக் கோப்பு நகர்ந்தபோது, மனிதர்கள் சார்ந்த ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் சான்று கேட்டார்கள். நெறிமுறைக் குழு அலுவலகத்தில் விசாரித்தால், பல்லாயிரம் பேரின் கழிவு கலந்த நீர் தனிமனித மாதிரி ஆகாது, எனவே அனுமதி தேவையில்லை என்று வாயால் சொன்னார்களே தவிர, எழுதித் தர மறுத்தார்கள். விண்ணப்பமே இல்லாதபோது எதன் பேரில் எழுதித் தருவது என்று கேட்டார்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் கோப்பு மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. இப்போது நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

வழி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளிலேயே இருந்தது. பரிசீலனையிலிருந்து விலக்கு அளிப்பது என்ற வகை அதில் உண்டு. அந்த விலக்கைத் தீர்மானிக்க வேண்டியதும் நெறிமுறைக் குழுதான். அந்த வகையைக் குறிப்பிட்டு விண்ணப்பித்ததும் ஒரு பக்கக் கடிதம் கிடைத்தது. ஆகவே ஆய்வுத் திட்டம் ஏற்கப்பட்ட உடனேயே விலக்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தேவையில்லை என்று யார் வாயால் சொன்னாலும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வட ஆற்காட்டுப் பகுதியில் கழிவுநீர் மாதிரி என்றாலே அதிகாரிகள் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இங்கே யாரும் மறக்கவில்லை. என் ஆய்வும் மாசு வழக்கில் போய் முடியுமோ என்று ஓர் அதிகாரி வெளிப்படையாகவே கேட்டார். நோய்க்கிருமியை மட்டுமே தேடுகிறேன் என்றும், மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மனிதரையும் சாக்கடைக்குள் இறக்க மாட்டேன், கயிறு மட்டுமே இறங்கும் என்றும் தனித்தனிப் பத்திகளாக எழுதிச் சேர்த்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அன்று அந்த உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது பட்டமே வாங்கிவிட்டதாக மகிழ்ந்தேன்.

கயிறு என்று நான் சொல்வது மூர் என்பவர் 1948-இல் இங்கிலாந்தில் டைபாய்டை ஒத்த பாராடைபாய்டு நோயைத் துப்பறியப் பயன்படுத்திய முறை. மருத்துவமனைக் காஸ் துணியை அடுக்காக மடித்து, நடுவில் நைலான் கயிற்றால் இறுகக் கட்டி, ஓடும் கழிவுநீரில் ஓரிரு நாள் தொங்கவிட வேண்டும். அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமப்பவரின் மலத்திலிருந்தும் அது நீரோடு வந்து துணியில் படியும். உந்து நிலைய ஊழியர் கடப்பாறையால் மூடியை நெம்பித் தள்ள, நான் கயிற்றின் நுனியை உள்படிக் கம்பியில் முடிந்துவிட்டு வந்தேன். மீண்டும் போய்ப் பார்த்தால் கயிறும் இல்லை, துணியும் இல்லை. இடையில் அடைப்பெடுக்கும் வண்டி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தது. எனவே அந்த வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஐஸ் பெட்டி இல்லாமல் புறப்படாதீர்கள்.

அங்கே கூடிய பெண்களில் ஒருவர், “ஏம்மா, எங்க தெருவுல நோவு இருக்குதுன்னு பேப்பர்ல போட்டுடுவீங்களா?” என்று கேட்டார். நியாயமான அச்சம். சில வீடுகளின் நீர் மட்டும் சேரும் இடத்தில் மாதிரி எடுத்தால் அந்த வீட்டார் மீது விரல் நீளும். அன்றிலிருந்து, பல தெருக்களின் நீர் ஒன்றுசேரும் உந்து நிலையங்களில் மட்டுமே மாதிரி எடுத்தேன்.

உணரியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தங்க மின்முனையில் கந்தகப் பிணைப்பால் ஒட்டவைத்த, கிருமியின் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் டி.என்.ஏ. இழைகள், ஆய்வகக் கரைசலில் அருமையாக வேலை செய்தன. தோல் தொழில் நடக்கும் ஊர் ஒன்றின் வடிகால் நீரை வடிகட்டி நேரடியாக விட்டதும் மின்னோட்டம் தாறுமாறாகக் குழம்பியது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடைச் சேர்ப்பார்கள். சாக்கடைக்குள்ளும் சல்ஃபைடு தானாகவே உருவாகும். அது தங்கத்தை விடாமல் பற்றி, ஒட்டியிருந்த இழைகளைப் பெயர்த்துவிடுகிறது. காந்தத் துகள்களால் டி.என்.ஏ.வைப் பிரித்துக் கழுவி, அதன் பிறகே மின்முனைக்குக் கொண்டுபோன பின்னர்தான் அளவீடு நிலைப்பட்டது. தேர்வாளர் என்னை விடாமல் துருவியதும் இந்த இடத்தில்தான்: கிருமி இல்லை என்று உணரி சொன்னால், உண்மையிலேயே இல்லையா, அல்லது உணரி செயலிழந்துவிட்டதா? தெரிந்த அளவு கிருமி டி.என்.ஏ.வைச் சேர்த்த மாதிரியை ஒவ்வொரு தொகுதிச் சோதனையிலும் ஓட்டி வைத்திருந்ததால் அட்டவணையை எடுத்துக் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது.

கடைசியாக, உத்தரவின் காலவரம்பைக் கவனியுங்கள். எனக்கு வந்ததில் செப்டம்பர் வரை என்றே போட்டிருந்தார்கள். வடகிழக்குப் பருவமழை மாதிரிகளுக்காக மறுபடியும் தபால் பிரிவிலிருந்து தொடங்க நேர்ந்தது. விண்ணப்பத்திலேயே டிசம்பர் இறுதி வரை அனுமதி வேண்டும் என்று மாதம் குறிப்பிட்டுக் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தின் நகலிலும் முத்திரையும் பதிவு எண்ணும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.